பளபளக்கும் ரிம்மும் பிடிக்காத பிரேக்கும்: கெலுகோர் பழைய சைக்கிள்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே, தாத்தா காலத்துச் சைக்கிளை இன்னும் விடாமல் மிதிக்கும் அண்ணன்மாரே,

உங்கள் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கெலுகோரிலும் மிண்டன் ஹைட்ஸிலும் சுங்கை டுவாவிலும் நீங்கள் பார்த்துப் பார்த்துப் புதுப்பித்து வைத்திருக்கும் ரேலி, ஹெர்குலிஸ், பிலிப்ஸ், ரட்ஜ் சைக்கிள்களில் பெரும்பாலானவை மழையில் நிற்காது. காய்ந்த சாலையில் ஏதோ ஒரு மாதிரி நிற்கும். ரிம் நனைந்துவிட்டால் பிடியை எவ்வளவு இறுக்கினாலும் வண்டி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டேயிருக்கும். இது உங்களுக்கும் தெரியும். தெரிந்தும், "பழைய வண்டின்னா அப்படித்தான் அண்ணே" என்று சிரித்துவிட்டுப் போகிறீர்கள். அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

செலவு செய்ய நீங்கள் அஞ்சுகிறவர்கள் இல்லை. புரூக்ஸ் தோல் இருக்கைக்கு மாதக்கணக்கில் காசு சேர்க்கிறீர்கள். ஒரு லூகாஸ் விளக்கு இருக்கிறது என்று யாராவது சொன்னால் தைப்பிங், ஈப்போ வரை போய்ப் பார்க்கிறீர்கள். ரேலியின் கழுத்தில் இருக்கும் நாரைச் சின்னம் அசலா நகலா என்று மணிக்கணக்கில் வாதாடுகிறீர்கள். மட்கார்டில் தங்கக் கோடு இழுக்கக் கை நடுங்காத ஆளைத் தேடிப் பிடிக்கிறீர்கள். ரிம்முக்கு மறுபடியும் குரோமிய முலாம் பூசக் கொடுத்து, முகம் பார்க்கும் அளவுக்குத் துடைத்து வைக்கிறீர்கள். அந்த ரிம்மை அழுத்திப் பிடிக்க வேண்டிய பிரேக் கட்டைக்கு மட்டும் உங்கள் பையில் காசு இல்லை. பாதிப் பேரின் வண்டியில் தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று பூட்டிய கட்டையே இன்னும் இருக்கிறது. நகத்தால் அழுத்தினால் நகம்தான் வளைகிறது. ஏன் மாற்றவில்லை என்று கேட்டால், கட்டையின் பக்கவாட்டில் கம்பெனிப் பெயர் அச்சாகியிருக்கிறது, கழற்றினால் வண்டியின் மதிப்புக் குறைந்துவிடும் என்கிறீர்கள். மீதிப் பேர் எதிரே தென்பட்ட கடையில் கையில் கிடைத்த கறுப்புக் கட்டையை மாட்டிவிட்டீர்கள். அது இக்காலத்து அலுமினிய ரிம்முக்கென்று செய்தது. உங்கள் ரிம்மைப் பார்த்தறியாத கட்டை அது.

இதோடு பாலிஷ் வேறு. ஞாயிறு காலை வண்டியை வெளியே எடுப்பதற்கு முன் ரிம்மில் மெழுகு தேய்க்கிறீர்கள், டயரின் பக்கத்தில் பளபளப்புத் தைலம் அடிக்கிறீர்கள். அந்தத் தைலம் வழிந்து எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? கட்டை தொட வேண்டிய இடத்துக்குத்தான். பிரேக்குக்கு எண்ணெய் போட்டு ஓட்டுவதும் இதுவும் ஒன்றுதான்.

எஃகு ரிம்மின் உறுதியை நான் குறை சொல்லவில்லை. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை அன்றைய மலாயாவுக்குள் சைக்கிளில் இறங்கி வந்தது. வெயிலில் டயர் வெடித்தபோது சிப்பாய்கள் டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மிலேயே மிதித்தார்கள். இரவில் தார்ச்சாலையில் அத்தனை ரிம்களும் உரசிய சத்தத்தைக் கேட்டு, டாங்கிகள் வருகின்றன என்று எதிரணி மிரண்டதாகப் போர்க்கால நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன. அலுமினியமாக இருந்தால் சில மைல்களில் நசுங்கிப் போயிருக்கும். நம் தோட்டத்துத் தாத்தாக்கள் இரண்டு பக்கமும் கித்தாப் பால் வாளியைத் தொங்கவிட்டு, செம்மண் பாதையில் இதே ரிம்மை ஆண்டுக்கணக்கில் உருட்டினார்கள். சுமை தாங்குவதற்கு எஃகைப் போல எதுவும் இல்லை. நிறுத்துவது வேறு கதை.

துரு ஏறாமலிருக்க எஃகின் மேல் பூசிய குரோமியம் கண்ணாடி போல வழுவழுப்பானது. காய்ந்திருக்கும்போது ரப்பர் அதை ஓரளவு கவ்விக்கொள்ளும். மழை பட்டதும் ரப்பருக்கும் குரோமியத்துக்கும் நடுவில் தண்ணீர் மெல்லிய ஏடாகப் படிகிறது. அந்த ஏட்டைக் கிழித்துக்கொண்டு ரப்பரால் உலோகத்தைத் தொட முடிவதில்லை. அலுமினியத்தின் மேற்பரப்பு கொஞ்சம் சொரசொரப்பு, குரோமியம் அப்படி இல்லை. எவ்வளவு வித்தியாசம் என்பதை 1970களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அளந்து பார்த்துவிட்டார்கள். விட், வில்சன் இருவரும் எழுதி 1974இல் வெளிவந்த 'பைசைக்ளிங் சயன்ஸ்' என்ற நூலில் அந்த முடிவு இருக்கிறது. முலாம் பூசிய எஃகு ரிம் உள்ள 26 அங்குலச் சக்கரத்தில் சாதாரணக் கட்டையை வைத்துப் பார்த்தபோது, நனைந்த நிலையில் உராய்வு காய்ந்த நிலையில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. அதைவிடக் கொடுமை அடுத்தது. பிரேக்கை முழுதாக அழுத்தியபடியே சக்கரம் சராசரியாக 30 சுற்று சுற்றிய பிறகுதான் பிடிப்பு மெல்ல ஏறத் தொடங்கியது. பழைய பிடிப்பு முழுதாகத் திரும்ப இன்னும் 20 சுற்று ஆயிற்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் ஓடும். 30 சுற்று என்றால் 60 மீட்டருக்கும் மேல். பதினைந்துக்கும் மேற்பட்ட மைவி கார்களை முட்ட முட்ட வரிசையாக நிறுத்தி வைத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம், நீங்கள் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே, ஏறக்குறைய பிரேக் இல்லாத வண்டியில் போகிறீர்கள். புக்கிட் கம்பிர் இறக்கத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் இந்தத் தூரம் ஏழெட்டு வினாடி. கீழே சிவப்பு விளக்கு உங்களுக்காகக் காத்திருக்குமா?

நாம் இருப்பது பாலைவனத்திலும் இல்லை. இந்தப் பினாங்குத் தீவில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. செப்டம்பர், அக்டோபரில் எப்போது கொட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று மணிக்கு மண்டை பிளக்கும் வெயில், நான்கு மணிக்குச் சாலை ஆறாக ஓடும். "மழையில் நான் வண்டியை எடுப்பதில்லை" என்று உங்களில் பலர் சொல்வீர்கள். எடுக்க மாட்டீர்கள், சரி. எடுத்த பிறகு மழை வந்தால்? கடலோரச் சைக்கிள் தடத்தில் குவீன்ஸ்பே பக்கம் போய்த் திரும்பும்போது பினாங்குப் பாலத்தைத் தாண்டுவதற்குள் வண்டி நனைந்துவிடும். அப்புறம் வீட்டுக்கு வர லிம் சோங் இயூ விரைவுச்சாலையிலிருந்து கெலுகோருக்குள் திரும்ப வேண்டும், லாரிகளுக்கு நடுவே.

இன்னொரு விஷயம். சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும், பரவாயில்லை. 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் பின்னிரவு நேரத்தில் 'பாசிக்கல் லாஜாக்' ஓட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள்மீது கார் மோதி, எட்டுப் பதின்ம வயதினர் இறந்துபோனார்கள். அந்த வகைச் சைக்கிள்களில் பிரேக்கைக் கழற்றிவிட்டு, ஹேண்டில்பாரைத் தாழ்த்தி ஓட்டுவது வழக்கம். அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் நீங்கள் திட்டாத நாளில்லை. "பிரேக் இல்லாம ரோட்டுக்கு வரலாமா?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அதே கேள்வியை நனைந்த ரிம்மில் கல்லாய்ப் போன கட்டையோடு சாலைக்கு வரும் உங்களிடமும் கேட்கலாமா? அவர்கள் கழற்றி வைத்துவிட்டு வந்தார்கள், நீங்கள் மாட்டிக்கொண்டு வருகிறீர்கள். மழையில் இரண்டும் ஒன்றுதான்.

பிரேக் தேவைப்படாத பழைய சைக்கிள் ஒன்று பினாங்கில் இருக்கவே இருக்கிறது. அர்மீனியன் தெருச் சுவரில் 2012இல் எர்னஸ்ட் சகாரெவிச் வரைந்த ஓவியத்தில் இரண்டு பிள்ளைகள் ஏறி உட்கார்ந்திருக்கிறார்களே, அது. சுவரோடு சேர்த்து இறுக்கி வைத்திருக்கிறார்கள், எங்கும் ஓடாது. உங்கள் வண்டியையும் சுவரில் மாட்டிவைப்பதாக இருந்தால் இந்த மடலைப் படிப்பதை இத்துடன் நிறுத்திவிடுங்கள். ஓட்டுவதாக இருந்தால் மேலே படியுங்கள்.

கட்டை வாங்குவதற்கு முன் உங்கள் ரிம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு காந்தத் துண்டை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் எஃகு. ஒட்டாவிட்டால் யாரோ இடையில் அலுமினியத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், உங்கள் கவலை பாதி குறைந்தது. எஃகு என்றால் அடுத்து வடிவத்தைப் பாருங்கள். கம்பி பிரேக் உள்ள பெரிய வண்டியில், அதாவது 28 அங்குல, ஒன்றரை அங்குல டயர் போட்ட வண்டியில், பெரும்பாலும் வெஸ்ட்வுட் ரிம்தான் இருக்கும். அதன் ஓரங்கள் உருண்டு மடிந்திருக்கும், பக்கவாட்டில் தட்டையான இடமே இராது. லாட வடிவக் கம்பி மேல்நோக்கி இழுபட்டு, அதன் இரு முனையிலுள்ள கட்டைகளும் ஸ்போக்ஸ் கம்பி இறங்கும் உட்பக்கத்தில் போய் அழுந்தும். கேபிள் பிரேக் உள்ள 26 அங்குல வண்டியில் எண்ட்ரிக் ரிம் இருக்கும். அதற்குப் பக்கவாட்டில் தட்டையான முகம் உண்டு, கட்டை இரண்டு பக்கமிருந்தும் கவ்வும். இரண்டுக்கும் நடுவில் வெஸ்ட்ரிக் என்று ஒன்று, இருவகைப் பிரேக்குக்கும் இடம் கொடுப்பது. கம்பி பிரேக் கட்டையும் கேபிள் பிரேக் கட்டையும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. சும்மா 'பழைய சைக்கிளுக்குப் பிரேக் கட்டை' என்று கேட்டால் கடைக்காரத் தவுக்கே எதையாவது எடுத்துக் கொடுப்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நீங்கள் கேட்டது அவ்வளவுதான்.

இனி கட்டைக்கு வருகிறேன். எஃகு ரிம்முக்கு என் முதல் தேர்வு தோல் முகம் வைத்த கட்டை. ரப்பரின் மேல் ஒரு தோல் பட்டையைப் பதித்துச் செய்திருப்பார்கள். 1902இல் தொடங்கிய, வேல்ஸ் நாட்டு ரெக்ஸமைச் சேர்ந்த ஃபைப்ராக்ஸ் நிறுவனம் இந்த வகைக் கட்டையை 'ரெயின்சீட்டர்' என்ற பெயரில் விற்றது. மழையை ஏமாற்றுவது என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். இங்கிலாந்து மழையில் எஃகு ரிம்மோடு மல்லுக்கட்டியவர்கள் கண்ட வழி அது. தோல் நுண்துளைகள் கொண்டது, தண்ணீரைத் துடைத்துக்கொண்டே உலோகத்தைத் தொடும். காய்ந்த சாலையில் அது ரப்பரைவிடப் பிரமாதமாக ஒன்றும் பிடித்துவிடாது. நனைந்தால்தான் அதன் அருமை தெரியும். புதிதாய்ப் போட்டதும் சில நாள் மெதுவாக ஓட்டித் தோலைப் பழக்க வேண்டும். ரிம்மில் குரோமியம் உரிந்து துருக்குழி விழுந்திருந்தால் தோல் சீக்கிரம் கிழிந்துவிடும். இது எஃகுக்கென்றே செய்தது, அலுமினிய ரிம்மில் போட வேண்டாம். நம்மூர்க் கடையில் எளிதில் கிடைக்காது, வெளிநாட்டில் பழைய சரக்கு விற்பவர்களிடம் தேட வேண்டும்.

தோல் கிடைக்காவிட்டால் அடுத்தது இளஞ்சிவப்பு நிறக் கட்டை. கூல்ஸ்டாப் என்ற அமெரிக்க நிறுவனம் செய்கிறது. சால்மன் மீன் சதையின் நிறம் என்று அதற்குப் பெயர். வழக்கமான கறுப்புக் கட்டையில் கரித்தூள் சேர்ப்பார்கள், இதில் இரும்பு ஆக்சைடு. மழைக்கு ஏற்ற கலவை. பழைய கேபிள் பிரேக்குக்குப் பொருந்தும்படி காண்டினெண்டல் என்ற எளிய வடிவத்திலும் வருகிறது. சைக்கிள் பழுதுபார்ப்பில் உலகமே கேட்டு நடந்த ஷெல்டன் பிரவுன், 2008இல் காலமாகும்வரை, இந்தக் கலவையைப் பரிந்துரைத்துக்கொண்டேயிருந்தார். நிறம் உங்கள் கறுப்பு வண்டிக்கு எடுக்காது என்று நினைக்கிறீர்களா? கொஞ்ச நாளில் தூசு ஏறிக் கறுத்துவிடும், கவலைப்படாதீர்கள்.

கம்பி பிரேக்காரர்களுக்குத்தான் பாடு. உங்களுக்கு ஒரு வழி இந்தியா. 1949இல் சென்னையில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் முதல் லூதியானா ஹீரோ வரை அங்கே கம்பி பிரேக் வண்டிகள் தலைமுறை தலைமுறையாக ஓடியிருக்கின்றன, அதற்கான கட்டையும் ஊர்க் கடைகளில் தொங்கும். தஞ்சாவூருக்கோ புதுக்கோட்டைக்கோ போகிற சொந்தக்காரர்களிடம் பட்டுச் சேலைக்கும் முறுக்குக்கும் சொல்லிவிடுவதோடு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எடை ஒன்றுமில்லை. ஆனால் வந்த கட்டை எல்லாம் நல்ல கட்டை என்று நம்பிவிடாதீர்கள், அவற்றிலும் சில கல் மாதிரி இருக்கின்றன. நகத்தால் அழுத்திப் பார்த்து, கொஞ்சமாவது உள்ளே போகிற ரப்பரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தள்ளிப்போடவும் வேண்டாம். டெல்லிக்குப் பக்கத்தில் சாகிபாபாத்தில் இருந்த அட்லஸ் சைக்கிள் தொழிற்சாலை 2020 ஜூன் 3ஆம் தேதி, உலகச் சைக்கிள் தினத்தன்றே, மூடப்பட்டது. இந்த வண்டிகளைச் செய்கிறவர்கள் குறையக் குறைய, உதிரிப் பாகமும் குறையத்தான் செய்யும். பொறுமையும் கூர்மையான கத்தியும் உள்ளவர்கள் நல்ல கலவைக் கட்டையை அளவாக வெட்டிப் பழைய தகட்டுக் கூட்டுக்குள் செருகிக்கொள்கிறார்கள். செருகலாம், ஆனால் அசையாமல் இறுகியிருக்க வேண்டும். பழைய கார் டயரை வெட்டிக் கட்டையாக்குவதும், இடுப்புப் பெல்ட்டின் தோலைப் பசை போட்டு ஒட்டுவதும் வேண்டவே வேண்டாம். சூட்டிலும் ஈரத்திலும் பசை விட்டுவிடும், அதுவும் இறக்கத்தில்தான் விடும்.

நல்ல கட்டையைத் தவறாகப் பூட்டினால் வாங்கியதே வீண். பழைய கட்டைக் கூட்டுக்கு ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனை திறந்திருக்கும். அந்த இடத்தில் ரிம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் மூடிய முனை இருக்க வேண்டும். முன் சக்கரத்தில் அது வண்டியின் முன்பக்கம். மாற்றிப் பூட்டினால் பிரேக் பிடிக்கும்போது ரிம் கட்டையை இழுத்து வெளியே துப்பிவிடும். அப்புறம் தகடு ரிம்மில் உரசும் சத்தம் மட்டும் கேட்கும். கட்டை டயரைத் தொடக்கூடாது, தொட்டால் டயரின் ஓரம் அறுந்து வெடிக்கும். ரிம்முக்குக் கீழே நழுவி ஸ்போக்ஸ் கம்பிக்குள்ளும் போகக்கூடாது. கேபிள் பிரேக்கில் கட்டையின் முன்முனை ஒரு மயிரிழை முந்தித் தொடட்டும், கீச்சென்ற சத்தம் குறையும். கம்பி பிரேக்காரர்கள் சக்கரத்தைச் சுற்றிவிட்டு அது பக்கவாட்டில் ஆடுகிறதா என்று மட்டும் பார்க்கிறீர்கள். உங்கள் கட்டை அழுந்துவது உட்பக்கத்தில். அதனால் சக்கரம் வட்டமாக இருக்கிறதா, மேலும் கீழும் துள்ளுகிறதா என்பதுதான் உங்களுக்கு முக்கியம். துள்ளினால் ஒரு இடத்தில் பிடித்து ஒரு இடத்தில் விடும். கம்பி இணைப்புகளின் திருகாணிகள் தளர்ந்து, பிடி ஹேண்டில்பாரைத் தொடும்வரை இழுத்தும் கட்டை ரிம்மைத் தொடாத வண்டிகளையும் உங்களிடையே பார்த்திருக்கிறேன். அதற்குக் கட்டை என்ன செய்யும்?

ரிம்மைச் சுத்தம் செய்யுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும், காய்ந்த பிறகு ஸ்பிரிட் நனைத்த துணி. மண்ணெண்ணெய் வேண்டாம், எண்ணெய்ப் படலம் விட்டுப் போகும். மெழுகு, தைலம் எதுவும் கட்டை தொடும் இடத்தில் படக்கூடாது. கடல் காற்றில் குரோமியம் துருப் பிடிக்கும் என்று பயந்துதான் மெழுகு தேய்க்கிறீர்கள், புரிகிறது. ஸ்போக்ஸ் கம்பிக்கும் ஹப்புக்கும் தாராளமாகத் தேயுங்கள். கட்டை தொடும் முகத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

உங்கள் பதில்கள் எனக்கு மனப்பாடம். "தாத்தா இதே கட்டையில்தான் ஓட்டினார்." ஓட்டினார். அவர் வேகம் என்ன, அவர் காலத்துச் சாலை என்ன? மேட்டில் இறங்கித் தள்ளினார், செங்குத்தான இறக்கத்திலும் இறங்கித் தள்ளினார், அதில் அவருக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை. 1985இல் பினாங்குப் பாலம் திறந்த பிறகு கெலுகோர் தீவுக்குள் வரும் பெரிய வாசலாகிவிட்டது. அவர் ஓட்டிய கெலுகோர் வேறு, நீங்கள் ஓட்டும் கெலுகோர் வேறு. "பின் பிரேக் ஒன்று போதும், முன் பிரேக் பிடித்தால் கவிழ்ந்துவிடும்" என்று சிலர் முன் பிரேக்கைக் கழற்றியே வைத்திருக்கிறீர்கள். பிரேக் பிடிக்கும்போது உடம்பின் பாரம் முன்சக்கரத்துக்குப் போகிறது, நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. நிமிர்ந்து உட்காரும் நீளமான வண்டியில், அதுவும் எஃகு ரிம்மில், கவிழும் அளவுக்கு அது பிடித்தால் எனக்கு வந்து சொல்லுங்கள், நானே வந்து பார்க்கிறேன். "அசல்தன்மை" என்ற வாதத்துக்கு ஒரே பதில்: பழைய கட்டையைத் துணியில் சுற்றி ஒரு டப்பாவில் வையுங்கள். வண்டியை விற்கும்போது டப்பாவையும் சேர்த்துக் கொடுங்கள்.

தினமும் வேலைக்கும் சந்தைக்கும் இதே வண்டியில் போகிறவர்களுக்கு இன்னும் ஒரு படி மேலே போகச் சொல்வேன். 26 அங்குலக் கேபிள் பிரேக் வண்டிக்கு அலுமினிய ரிம் தேடினால் கிடைக்கும். அதைப் போட்டுவிட்டு, எஃகுச் சக்கரங்களைக் கண்காட்சிக்கு எடுத்து வையுங்கள். ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்புக்குள்ளேயே பிரேக் வைத்த முன்சக்கரத்தை இன்றும் செய்கிறது. மழைத் தண்ணீர் ரிம்மில்தான் படும், ஹப்புக்குள் இருக்கும் பிரேக்கைத் தொடாது. இதைச் செய்தால் நண்பர்கள் கேலி செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். செய்யட்டும்.

இதற்கு நடுவில், இன்று மழையில் மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியது: சந்திப்பு வந்த பிறகு பிரேக்கைத் தேடாதீர்கள். தூரத்திலிருந்தே பிடியை லேசாக அழுத்தி, கட்டை ரிம்மைத் துடைத்துக்கொண்டே வரட்டும். வேகத்தை முன்கூட்டியே பாதியாக்குங்கள். இறக்கம் கண்ணில் பட்டால் இறங்கித் தள்ளுங்கள், தாத்தா மாதிரி.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். செப்டம்பர் மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வழக்கமான சைக்கிள் ஊர்வலத்துக்குப் பதிலாகப் பிரேக்குக்கு ஒதுக்குங்கள். எல்லாரும் வண்டியைக் கொண்டுவாருங்கள். ஒருவர் காந்தத்தோடு நிற்கட்டும், ஒருவர் ரிம்மின் வடிவத்தையும் அளவையும் குறிக்கட்டும். பிறகு ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சோதனை. முன் ரிம்மில் ஒரு போத்தல் தண்ணீரை ஊற்றி, முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியைத் தள்ளுங்கள். சக்கரம் சுற்றிக்கொண்டே வந்தால் அந்த வண்டி தேறவில்லை என்று எழுதுங்கள். யார் வண்டி என்று பார்க்காதீர்கள், உங்கள் குழுத் தலைவர் வண்டியானாலும் சரி. அந்தப் பட்டியலை வைத்துத் தோல் கட்டைக்கும் இளஞ்சிவப்புக் கட்டைக்கும் ஒன்றாக ஆர்டர் போடுங்கள். தனித்தனியாக வாங்கினால் கட்டையின் விலையைவிடத் தபால் செலவு உறைக்கும், சேர்ந்து வாங்கினால் தோல் இருக்கை விலையின் பக்கத்தில் இது சில்லறைக் காசு. கம்பி பிரேக்காரர்களின் அளவுகளை ஊருக்குப் போகிறவர் ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

கூடவே இரண்டு விஷயம். காலையில் ரொட்டியும் நாளிதழும் கொண்டுவரும் பெரியவர்கள் சிலர் இன்னும் இந்த வண்டிகளில்தான் வருகிறார்கள். சுப்பிரமணிய பாரதி தமிழ்ப்பள்ளி விடும் நேரத்தில் பேரப்பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துத் தள்ளாடிப் போகும் தாத்தாக்களையும் பார்க்கிறேன். அவர்கள் தோல் கட்டையைத் தேடி எங்கே போவார்கள்? உங்கள் ஆர்டரில் அவர்களுக்கும் சில ஜோடி சேர்த்து வாங்கி, கூலி கேட்காமல் பூட்டிக் கொடுங்கள். நாரைச் சின்னத்தைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதி போதும் இதற்கு. இரண்டாவது, நனைந்த ரிம் சோதனையில் தேறாத வண்டியை, கட்டை மாறும்வரை, உங்கள் ஊர்வல வரிசையில் சேர்க்காதீர்கள். வருத்தப்படுவார்கள், ஒரு மாதம் பேசமாட்டார்கள். இருந்தாலும் சேர்க்காதீர்கள். முன்னால் போகிறவர் சட்டென நிறுத்தினால் பின்னால் வரும் பிடிக்காத பிரேக் இடிப்பது அவரைத்தான்.

தேதியை நீங்களே முடிவு செய்து சொல்லுங்கள். காந்தமும் திருகுச் சாவியும் எமரித் தாளும் நான் கொண்டுவருகிறேன். தண்ணீர்ப் போத்தலை மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
உங்களைப் போலவே எஃகு ரிம்மில் மிதிக்கும்
கெலுகோர்க்காரன்